தோண்டிய மண்ணில் எழுந்த வீடு

பெங்களூரிலிருந்து ஓசூர் நெடுஞ்சாலையில் சென்று, சந்தாபுரத்தில் பிரிந்தால் ஆனேக்கல். அதற்கும் தெற்கே, தளி செல்லும் திசையில், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகில் எங்களுக்கு நான்கு குண்டே நிலம் இருந்தது. குண்டே என்பது கர்நாடகக் கணக்கு. ஒரு குண்டே 1,089 சதுர அடி, நாற்பது குண்டே ஓர் ஏக்கர். 2010இல் வாங்கிய அந்த நிலத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் சும்மா வைத்திருந்தோம். எங்களுள் ஒருவர் பணி ஓய்வு பெற்றபின், நகரத்து வாடகை வீட்டின் மூன்றாம் மாடிப் படிகளில் அம்மாவுக்கு ஏறி இறங்க முடியாமற்போனபின், அங்கே ஒரு சிறு வீடு கட்டுவது என்று முடிவு செய்தோம். இருவருள் ஒருவருக்கு அவர் அம்மா, மற்றவருக்கு அத்தை. எழுத்தின் வசதிக்காக அம்மா என்றே குறிப்பிடுகிறோம்.

வீடு 750 சதுர அடி. ஒரு கூடம், இரண்டு அறைகள், சமையற்கட்டு, படியேறாமல் செல்லத்தக்க குளியலறை. கையிருப்பு நான்கு இலட்சம். கடன் பதின்மூன்று இலட்சம். பதினேழு இலட்சத்துக்குள் வீடு முடிய வேண்டும் என்பது கணக்கு. கணக்கு என்ன ஆயிற்று என்பதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

முதலில் தாள்களைப் பற்றி. வேளாண் நிலத்தில் வீடு கட்ட, 1964ஆம் ஆண்டுக் கர்நாடக நிலவருவாய்ச் சட்டத்தின் 95ஆம் பிரிவின்கீழ் மாவட்ட ஆட்சியரின் நிலமாற்ற ஆணை வேண்டும். எங்கள் நிலத்துக்கு அந்த ஆணை விற்றவர் காலத்திலேயே இருந்தது. பகணி எனப்படும் நிலப்பதிவேட்டு நகல், வில்லங்கச் சான்றிதழ், ஊராட்சியின் இ-ஸ்வத்து முறையில் பெறும் 9ஆம் படிவமும் 11ஆம் படிவமும் ஆகியவற்றை வங்கி கேட்டது. எல்லாம் உண்டு என்று நெஞ்சு நிமிர்த்திச் சென்றோம். விற்றவருடைய தந்தையின் பெயர் கிரயப் பத்திரத்தில் ஒருவிதமாகவும் பதிவேட்டில் வேறுவிதமாகவும் இருப்பதைக் கிளையின் வழக்கறிஞர்தாம் கண்டுபிடித்தார். ஓரெழுத்து வேறுபாடு. அதைத் திருத்தி வாங்க நான்கு மாதங்கள் ஓடின. நிலம் வாங்கிய அன்றே பத்திரத்தையும் பதிவேட்டையும் அருகருகே வைத்து ஒருமுறை படித்திருந்தால் மிச்சமாகியிருக்கக்கூடிய நான்கு மாதங்கள் அவை. சொந்த நிலம் வைத்திருக்கும் வாசகர்கள் வீடு கட்டும் எண்ணம் இல்லாவிட்டாலும் இந்த ஒரு வேலையை இந்த வாரமே செய்துவிடலாம்.

மண்ணா, செங்கல்லா?

பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் 1974ஆம் ஆண்டு ‘அஸ்த்ரா’ என்னும் பிரிவு தொடங்கப்பட்டது. ஊரகப் பகுதிகளுக்கு அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் கொண்டு செல்வது அதன் நோக்கம். தொடங்கியவர் வேதியியலறிஞர் அமுல்ய குமார் ரெட்டி. தும்கூரு மாவட்டம் குணிகல் வட்டத்தில் உங்கரா என்னும் சிற்றூரில் அதற்கு ஒரு களநிலையமும் இருந்தது. அங்கே நடந்த பணிகளில் ஒன்று, கே.எஸ். ஜகதீஷ், பி.வி. வெங்கடராம ரெட்டி முதலிய பொறியியலறிஞர்கள் பல்லாண்டு ஆராய்ந்த உறுதியூட்டிய மண்கல். மண்ணும் மணலும் கலந்து, எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு அளவில் சிமெண்ட் சேர்த்து, சற்றே ஈரமாக்கி, நெம்புகோல் வைத்த கை அச்சில் அழுத்திக் கல்லாக எடுப்பது. சூளை இல்லை, விறகு இல்லை, சுடுவதே இல்லை. சுட்ட செங்கல்லுக்குச் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் இதற்கு ஆகிறது என்பது அந்த ஆய்வாளர்களின் கணக்கு.

கை அச்சு உலகுக்குப் புதிதன்று. 1950களில் கொலம்பிய நாட்டின் பொகோட்டா நகரில் ராவுல் ராமிரெஸ் என்பவர் உருவாக்கிய ‘சின்வா-ராம்’ என்னும் கருவியே இவ்வகை அச்சுகளுக்கு முன்னோடி. தாய்லாந்தின் நாட்டுப்புறங்களில் ஒன்றோடொன்று பொருந்தி அமரும் மண்-சிமெண்ட் கற்களால் வீடு கட்டுகிறார்கள். நம் பக்கத்தில் ஆரோவில்லில் இதற்கென ஒரு பயிலகமே இருக்கிறது. பெங்களூரிலும் சுற்றுப்புறங்களிலும் கட்டடக் கலைஞர் சித்ரா விஸ்வநாத் முதலியோர் மண்கல்லில் பல வீடுகளை எழுப்பியிருக்கிறார்கள். அவ்வகை வீடுகள் இரண்டைச் சென்று பார்த்தோம். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்த மார்ச் மாதப் பிற்பகலில் உள்ளே விசிறி ஓடவில்லை. எங்களுக்கு அது போதுமானதாயிருந்தது.

அம்மாவுக்குப் போதவில்லை.

அம்மா பிறந்தது இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், மண்சுவர் வைத்த கூரை வீட்டில். அவருக்கு ஒன்பது வயதில், ஓர் ஐப்பசி அடைமழையின் மூன்றாம் நாள் இரவு, அந்த வீட்டின் மேற்குச் சுவர் விழுந்தது. யாரும் இறக்கவில்லை, ஒரு கன்றுக்குட்டி மட்டும் இறந்தது. மண்கல் என்று நாங்கள் சொன்ன சொல்லில் அவர் காதில் விழுந்தது மண் மட்டுமே. “நாப்பது வருசம் உத்தியோகம் பார்த்துட்டு, கடைசியிலே மண்ணு வீடா கட்டப் போறீங்க? அதுக்குள்ள நான் வந்து படுக்க மாட்டேன்” என்றார். பெங்களூரைக் கெம்பே கவுடர் 1537இல் அமைத்தபோது எழுப்பிய கோட்டையே மண்கோட்டைதான், ஐதர் அலி 1761இல்தான் அதைக் கல்லால் கட்டினார் என்று எடுத்துச் சொன்னோம். “கெம்பே கவுடர் கட்டினது இப்ப எங்கே இருக்கு?” என்று கேட்டார். பதில் சொல்ல இயலவில்லை.

லாரி பேக்கர் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் இந்தியாவிலேயே வாழ்ந்து, திருவனந்தபுரத்தில் 2007இல் மறைந்தவர். இளமையில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்ததையும், வீடு என்பது ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களால் கட்டப்பட வேண்டும் என்று அவர் கூறியதையும் பேக்கர் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். எங்களுக்கு ஐந்து மைல் தேவைப்படவில்லை. கடைக்காலுக்கும் மழைநீர்த் தொட்டிக்கும் தோண்டிய மண்ணே சுவருக்குப் போதும் என்று பொறியாளர் கணக்கிட்டார். ஒரு கல் எட்டுக் கிலோ. வீட்டுக்கு ஐயாயிரம் கற்கள். ஆக நாற்பது டன். தொட்டிக்குழி தானாக அமைகிறது. மண்ணை ஏற்றிச் செல்லும் லாரிக்கூலியும் மிச்சம். அம்மாவை மீறித்தான் தொடங்கினோம். அதை மறைப்பதற்கில்லை.

முதல் அறுநூறு கற்கள்

2022 பிப்ரவரியில் கடன் அனுமதிக் கடிதம் வந்தது. மார்ச்சில் கடைக்கால் தோண்டி, ‘சைஸ் கல்’ வைத்துக் கட்டினோம். பெங்களூர்ச் சுற்றுப்புறத்தின் பெரும்பேறு கருங்கல்தான். வேலிக்கு நடும் கல்தூண் முதல் கூரைக்குப் பரப்பும் சப்படிக்கல் வரை இங்கே எல்லாம் கல்லில் கிடைக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் அச்சை வாடகைக்குக் கொண்டுவந்து இறக்கினார் மேஸ்திரி. தருமபுரிக்காரர், முப்பதாண்டுகளாகப் பெங்களூரில் செங்கல் வேலை செய்தவர், மண்கல் அவருக்கும் புதிது.

மண்கல்லுக்கு எல்லா மண்ணும் ஆகாது. மேல்மண்ணில் வேரும் மக்கும் இருக்கும். அதை ஒதுக்கிவிட வேண்டும். அடியில் வரும் செம்மண்ணில் களி நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு இருப்பது நலம். அதற்குமேல் இருந்தால், நனையும்போது வீங்கிக் காயும்போது சுருங்கும் களியை அத்துணைச் சிறிய அளவு சிமெண்டால் கட்டி வைக்க இயலாது. கரிசல் மண் இதற்குக் கொஞ்சமும் ஒத்துவராது. மண்ணின் தன்மையை அறிய எளிய வழி ஒன்று உண்டு. கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி நீரும் ஒரு சிட்டிகை உப்பும் இட்டு, நன்றாகக் குலுக்கி வைத்துவிட வேண்டும். மணல் உடனே அடியில் படியும்; வண்டல் அதன்மேல்; களி மறுநாள் வரை கலங்கி நின்று கடைசியில் படியும். மூன்று படிவுகளின் உயரத்தை அளந்தால் மண்ணின் கதை தெரிந்துவிடும்.

நாங்கள் இதைச் செய்தோம். ஆனால் இரண்டடி ஆழத்து மண்ணில் மட்டும் செய்தோம். தொட்டிக்குழி ஆறடி ஆழம். நான்கடிக்குக் கீழே மண்ணின் நிறம் மாறியதைப் பார்த்தவர்கள் நாங்களே. மேலும் சிவப்பாக, அழகாக இருக்கிறது என்று மகிழ்ந்தவர்களும் நாங்களே. போதாக்குறைக்குத் தண்ணீர் லாரி வராததால் நான்காம் நாளிலிருந்து கற்களுக்குத் தண்ணீர் தெளிப்பதும் நின்றுபோயிற்று. உடன் இருந்து பார்த்திருக்க வேண்டிய நாங்கள் அந்த வாரம் உறவில் ஒரு திருமணத்துக்குப் போய்விட்டோம்.

திரும்பி வந்து, பொறியாளர் சொன்னபடி ஒரு கல்லை வாளி நீரில் இட்டு இரவு முழுதும் வைத்தோம். காலையில் அதன் முனைகள் கரைந்து, வாளியின் அடியில் செந்நிறக் குழம்பு படிந்திருந்தது. கையால் தூக்கினோம், இரண்டாகப் பிளந்தது. அறுநூறு கற்களும் அந்தக் கதிதான். மேஸ்திரி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “சார், நான் கூலி வாங்கிக்கலை. இன்னொரு தடவை செய்வோம்” என்றார். கூலியை நாங்கள் கொடுத்தோம். தவறு அவருடையது மட்டுமன்று.

அம்மாவிடம் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. சொன்னோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. “அந்த வாளியை நான் பார்க்கணும்” என்றார்.

இரண்டாம் முறை ஒவ்வோரடி ஆழத்துக்கும் தனித்தனிப் புட்டி வைத்தோம். களி மிகுந்த மண்ணில் ஆற்றுமணலுக்குப் பதிலாகக் கல்லுடைக்கும் ஆலையின் தூளைக் கலந்தோம். நாளொன்றுக்கு நானூறு கற்கள். ஒவ்வொரு நாள் அடுக்கின்மேலும் தேதி எழுதிய அட்டை. வைக்கோலும் ஈரச்சாக்கும் போர்த்தி, இருபத்தொரு நாள் விடாமல் தண்ணீர். தெளிக்கும் பொறுப்பை இம்முறை எங்கள் இருவர் கைகளிலேயே வைத்துக்கொண்டோம். கல் அச்சிலிருந்து வெளிவரும் கணத்தில் உறுதியாகத் தோன்றினாலும், உண்மையான உறுதி இந்த மூன்று வாரங்களில்தான் ஏறுகிறது. கல்லூரி ஆய்வகம் ஒன்றில் நனைந்த கல்லை நசுக்கிப் பார்த்துச் சான்று பெற்றோம். வங்கியின் மதிப்பீட்டுப் பொறியாளரும் அந்தச் சான்றைக் கேட்டார், மண்கல்லுக்கு ஐ.எஸ். 1725 என்னும் இந்தியத் தர நிர்ணயம் இருப்பதை அவர்தான் எங்களுக்குச் சொன்னார்.

தேறிய கற்களில் ஒன்றை அம்மா கேட்டு வாங்கினார். வாடகை வீட்டு மொட்டைமாடியில், கூரைநீர் கொட்டும் குழாய்வாய்க்கு நேர் கீழே அதைக் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். யாரும் அதைத் தொடக்கூடாது என்பது கட்டளை.

மழையும் வட்டியும்

ஜூனுக்குள் கூரை போட்டிருக்க வேண்டிய வீடு, செப்டம்பரில் லிண்டல் மட்டத்தில் நின்றது. 2022இல் பெங்களூரில் பெய்த மழையை நகரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அதுவரை பதிவான ஆண்டு அளவுகளையெல்லாம் அந்த ஆண்டு கடந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் பெல்லந்தூரும் வெளிவட்டச் சாலையும் நீரில் மூழ்க, மென்பொருள் நிறுவனத்தார் டிராக்டரில் ஏறி வேலைக்குச் சென்றதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். எங்கள் சுவர்களின் தலைமேல் தார்ப்பாய் விரித்துக் கல் ஏற்றி வைத்திருந்தோம். இரண்டாம் நாள் இரவு காற்றில் தார்ப்பாய் பறந்துவிட்டதாக மேஸ்திரி தொலைபேசியில் சொன்னார். சாலையெல்லாம் வெள்ளம்; போக வழியில்லை. அன்றிரவு வீட்டில் மூவரும் உறங்கவில்லை. அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது எங்களுக்கு இன்னும் அச்சமாயிருந்தது.

நான்காம் நாள் போய்ச் சேர்ந்தோம். சுவர்கள் நனைந்து கறுத்திருந்தன; முனைகள் கூர்மையாகவே இருந்தன. வடக்குச் சுவரில் மேல்வரிசை நான்கு கற்கள் மட்டும் கலவை இறுகுமுன் நனைந்து ஆடின. அவற்றைக் கழற்றித் திரும்ப வைத்தோம். அவ்வளவே சேதம்.

வேறொரு மழையும் அந்த ஆண்டில் பெய்தது. ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2022 மே தொடக்கத்தில் 4 விழுக்காடாக இருந்தது, படிப்படியாக ஏறி 2023 பிப்ரவரியில் 6.50 ஆயிற்று. எங்கள் கடன் ரெப்போவோடு இணைந்த மிதக்கும் வட்டிக் கடன். 6.9 விழுக்காட்டில் அனுமதி. முழுத்தொகையும் கைக்கு வந்து முடிந்தபோது 9.4. பதினைந்தாண்டுத் தவணையில் மாதம் ஏறக்குறைய 11,600 ரூபாய் என்று குறித்து வைத்திருந்தது ஏறக்குறைய 13,500 ஆயிற்று. ஓய்வூதியத்தில் வாழும் குடும்பத்துக்கு அந்த 1,900 ரூபாய் சிறிதன்று. தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தை நீட்டிக்கொள்ளலாம் என்றார்கள். நீட்டினால் எழுபத்தைந்து வயது வரை கடன் தொடரும். தொகையையே உயர்த்திக்கொண்டோம். இவ்வாறு வட்டி மாறும்போது தொகையா, காலமா என்று தெரிவு செய்யும் உரிமையைக் கடனாளிக்கு வங்கிகள் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தெளிவாகவே அறிவித்தது. மிதக்கும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதமும் கிடையாது. ஆண்டுக்கொரு முறை கையில் சேர்வதைக் கொண்டுபோய்க் கட்டிவருகிறோம்.

தாமதத்தால் நேர்ந்த ஒரே நன்மை கம்பி விலை. 2022 ஏப்ரலில் உச்சத்தில் இருந்த எஃகின் விலை, மே மாதத்தில் ஏற்றுமதிக்கு அரசு வரி விதித்தபின் இறங்கியது. நவம்பரில் நாங்கள் கூரைக்கு வாங்கியபோது வசந்த காலத்தில் கேட்ட விலையைவிடக் குறைவாகவே கிடைத்தது.

கூரையிலும் பேக்கர் பரப்பிய முறை ஒன்றைக் கையாண்டோம். காங்கிரீட் தளத்தின் அடிப்பாதி, கம்பியைப் பிடித்து வைப்பதற்கு மேல் பெரிதாக எந்தச் சுமையையும் தாங்குவதில்லை. ஆகவே கம்பிகளுக்கிடையே அந்தப் பகுதியில் இரண்டிரண்டு மங்களூர் ஓடுகளை முகத்தோடு முகம் வைத்துப் பதித்துவிடுவது. காங்கிரீட்டும் குறைகிறது, எடையும் குறைகிறது, ஓடுகளுக்கிடையே அடைபடும் காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. பாசல் மிஷன் மங்களூரில் 1865இல் ஓட்டாலை தொடங்கிய நாள் முதல் பெங்களூரின் பழைய வீடுகளெல்லாம் அணிந்திருந்த ஓடு அது. இடிக்கப்பட்ட ஒரு வீட்டிலிருந்து பழைய ஓடுகளையே வாங்கினோம். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் ஓட்டின் வரிகள் தெரியும், பூசி மறைக்கவில்லை.

2023 தை மாதத்தில் பால் காய்ச்சினோம். மொத்தச் செலவு 19 இலட்சத்து 25 ஆயிரம். திட்டத்துக்கு மேல் ஆன இரண்டேகால் இலட்சத்துக்கு நகைக் கடன் வாங்கி, அதை ஓராண்டில் அடைத்தோம். கட்டுமானத்துக்குத் திட்டமிடுவோர் பத்து விழுக்காடாவது தனியே வைத்திருக்க வேண்டும் என்று பொறியாளர் முதலிலேயே சொன்னார். தவறுவதற்கும் நிதி ஒதுக்க வேண்டுமா என்று அப்போது எங்களுக்குத் தோன்றியது.

தொட்டியைப் பற்றியும் ஒரு சொல். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் கூரை எழுபது சதுர மீட்டருக்கு மேல்; பெங்களூரின் சராசரி ஆண்டு மழை 970 மில்லி மீட்டர் அளவு. வழிந்தும் ஆவியாகியும் போவது போக ஐம்பதாயிரம் லிட்டருக்குக் குறையாது. மண் எடுத்த குழியில் கட்டிய தொட்டி இருபதாயிரம் லிட்டர் கொள்ளும். 2024 கோடையில் நகரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, தண்ணீர் லாரிக்கு வரிசை நின்றபோது, குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அந்தத் தொட்டி எங்களுக்குக் குறைவைக்கவில்லை. அக்கம்பக்கத்தார் இருவர் குடம் கொண்டு வந்தார்கள்.

அம்மாவின் கல்லைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். வெள்ளம் வடிந்த வாரம் அவரே மொட்டைமாடிக்கு ஏறினார். இரண்டு இடங்களில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. கல்லைப் புரட்டிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார், விளிம்பில் விரல் ஓட்டினார். குழாய்நீர் நேரே விழுந்த இடத்தில் ஓர் எள் அளவு குழி. “இது அந்தக் காலத்து மண்ணு இல்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கல் இப்போது புது வீட்டுத் துணி துவைக்கும் இடத்தில் கிடக்கிறது. அம்மா அதன்மேல் சோப்பு வைக்கிறார். சென்ற மாதம், வாசலில் உட்கார ஒரு திண்ணை வேண்டும் என்றும், அதையும் இதே கல்லில்தான் கட்ட வேண்டும், மரப்பலகை எல்லாம் வேண்டாம் என்றும் சொன்னார். இருநூறு கற்கள் ஆகும். மேஸ்திரிக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறோம். அச்சு அடுத்த வாரம் வருகிறது. புட்டிகளைக் கழுவி வைத்திருக்கிறோம்.